எத்தனை யூனிட் சொல்லணும்? வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் கன அடிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர்கள், மனைக்கு மண் அடிப்பவர்கள், மாடியில் தோட்டம் போடுபவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பணம் போவது வேறு இடத்தில். எந்த நிலையில் இருக்கும் பொருளை அளந்தோம், தளர்வாகவா, தட்டி இறுக்கியா, ஈரமாகவா, உள்ளளவா, வெளியளவா என்று கேட்காமல் விடுவதில்தான். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியே இருக்கும்.

ஒரு யூனிட் என்றால் சரியாக எவ்வளவு?

100 கன அடி. பத்தடி நீளம், பத்தடி அகலம், ஓரடி உயரத்துக்குக் கொட்டிப் பரப்பினால் ஒரு யூனிட். மீட்டர் கணக்கில் 2.83 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி, ஒரு கன அடி 28.3 லிட்டர். இந்த மூன்று எண்களைச் செல்போனில் குறித்து வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

சில இடங்களில் டன் கணக்கில் பில் போடுகிறார்கள். காய்ந்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு யூனிட் ஏறத்தாழ நாலரை டன், ஜல்லி நாலு டன்னுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரம் இருந்தால் எடை மாறும். எடைமேடைச் சீட்டு கையில் இருந்தாலும், நமக்கு வந்தது மணலா தண்ணீரா என்று ஒரு பிடி அள்ளிப் பார்ப்பது நல்லது.

அடியும் அங்குலமும் கலந்து வந்தால் கால்குலேட்டரில் எப்படிப் போடுவது?

நான் பார்த்த தப்புகளில் முதலிடம் இதற்குத்தான். 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று போடுகிறார்கள். அது 5.5. இந்த இடத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் 10 அடி 11 அங்குலத்தை 10.11 என்று போட்டால்? உண்மையில் அது 10.92, கிட்டத்தட்ட ஓரடி காணாமல் போய்விடும்.

அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்து அடியோடு கூட்டுங்கள். 3 அங்குலம் 0.25, நாலரை 0.375, 6 அங்குலம் 0.5, 9 அங்குலம் 0.75. மேஸ்திரிகள் பலர் கால், அரை, முக்கால் என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் தப்பு செய்வதில்லை. தப்பு செய்வது கால்குலேட்டர் வைத்திருக்கும் நாம்தான்.

இன்னொன்று, ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தை 0.5 அடி என்று எடுத்துக்கொள்வது. ஐந்து அங்குலம் 0.417. ஆயிரம் சதுர அடித் தளத்தில் இந்த ஒரு தப்பு 83 கன அடி கான்கிரீட். சிமென்ட்டில் மட்டும் 19 மூட்டை.

லாரியில் மூன்று யூனிட் என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

கொட்டுவதற்கு முன்னால் அளக்கணும். லாரி பின்னோக்கி வந்து கதவைத் திறந்த பிறகு பேசிப் பயனில்லை.

பாடியின் உள் நீளம், உள் அகலம் இரண்டையும் டேப் வைத்து எடுங்கள். வெளியளவு வேண்டாம், தகடும் சட்டமும் அதில் சேர்ந்துவிடும். உயரத்துக்குப் பாடியின் உயரத்தை எடுக்காமல், ஒரு கம்பியை நான்கு மூலையிலும் நடுவிலும் அடித்தட்டு தட்டும் வரை குத்தி, பொருள் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி. சில டிப்பர்களில் முன்பக்கம் ஜாக்கிக்கான பெட்டி உள்ளே துருத்திக்கொண்டு இருக்கும். அதன் அளவைக் கழிக்கணும்.

ஓர் எடுத்துக்காட்டு: நீளம் பதினொன்றரை அடி, அகலம் 7 அடி, சராசரி உயரம் 3 அடி 3 அங்குலம். 11.5 × 7 × 3.25 = 262 கன அடி. இது மூன்று யூனிட் இல்லை, இரண்டரைக்குச் சற்று மேல். வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஏற்றும்போது பொக்கென்று நின்ற மணல், வழியெல்லாம் குலுங்கி இறங்கியிருக்கும். படியில் அரிசி அளப்பவரிடம் "தலை தட்டியா, கும்பமாகவா?" என்று கேட்போமே, அதே கேள்வியை ஆர்டர் சொல்லும்போதே கேளுங்கள்: ஏற்றும் இடத்து அளவா, இறக்கும் இடத்து அளவா? விலை அதற்குத் தகுந்தபடி பேசிக்கொள்ளலாம்.

நான் இல்லாதபோது கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். குவியலை அளக்க முடியுமா?

முடியும், தோராயமாக. கூம்பாக நிற்கும் குவியலின் அடியைச் சுற்றி டேப் போட்டு சுற்றளவு எடுங்கள். நடுவில் கம்பி குத்தி உயரம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 38-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். கூம்பின் சூத்திரத்தை டேப்புக்குத் தோதாகத் திருப்பிப் போட்டது இது.

சுற்றளவு 30 அடி, உயரம் மூன்றரை அடி என்றால் 30 × 30 × 3.5 ÷ 38 = 83 கன அடி. ஒரு யூனிட் என்று பில் இருந்தால் 17 கன அடி எங்கே என்று கேட்கலாம். ஆனால் குவியல் அச்சு அசலான கூம்பாக இருக்காது. உச்சி மழுங்கியிருக்கும், ஒரு பக்கம் சுவரில் சாய்ந்திருக்கும். ஐந்து, பத்து கன அடி வித்தியாசத்துக்குச் சண்டைக்குப் போகாதீர்கள்.

மணல் ஈரமாக இருந்தால் அளவு கூடுமா, குறையுமா?

கூடும். லேசாக நனைந்த மணலில் ஒவ்வொரு துகளையும் ஒரு நீர்ப்படலம் சுற்றிக்கொண்டு, பக்கத்துத் துகளைத் தள்ளி நிறுத்தும். அதனால் மணல் உப்பும். நைசு மணலில் இது 20, 30 சதவீதம் வரை போகும். வேடிக்கை என்னவென்றால், அதே மணலைத் தண்ணீரில் முழுக்க மூழ்கடித்தால் உப்பல் போய், காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். எம்-சாண்டும் ஈரத்தோடு வந்தால் உப்பும். ஜல்லிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

வாளி வைத்தே சோதிக்கலாம். நேரான பக்கமுள்ள பாத்திரத்தில் ஈர மணலைத் தட்டாமல் 12 அங்குலம் நிரப்புங்கள். அதை வெளியே எடுத்து, பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி அடங்க விடுங்கள். 10 அங்குலத்தில் நின்றால், 2-ஐ 10-ஆல் வகுக்க, 20 சதவீதம் உப்பல். அதாவது 120 கன அடி வாங்கினால்தான் 100 கன அடி மணல். வாங்கும்போது மட்டுமில்லை, கலவை போடும்போதும் இது அடிக்கும். பெட்டிக் கணக்கில் ஈர மணல் போட்டால் கான்கிரீட்டில் மணல் குறைந்து, ஜல்லி தனியாகத் தெரியும்.

ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு சிமென்ட், மணல், ஜல்லி எவ்வளவு வாங்கணும்?

தளத்தின் கனம் ஐந்து அங்குலம் என்றால் 1000 × 0.417 = 417 கன அடி. இது இறுகி முடிந்த கான்கிரீட்டின் அளவு. கடையில் வாங்குவது காய்ந்த பொருள். இரண்டும் ஒன்றில்லை.

ஒரு படி கொண்டைக்கடலையையும் ஒரு படி ரவையையும் ஒன்றாகக் கலந்து பாருங்கள், இரண்டு படி வராது. கடலைக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ரவை போய் உட்கார்ந்துவிடும். கான்கிரீட்டும் அப்படித்தான். ஜல்லியின் சந்தில் மணல், மணலின் சந்தில் சிமென்ட். ஆகவே 1 பங்கு கான்கிரீட்டுக்கு சுமார் 1.54 பங்கு காய்ந்த பொருள் வேண்டும்.

417 × 1.54 = 642 கன அடி. கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமென்ட், மணல், ஜல்லி), அதாவது எம் 20 என்று வழக்கமாகச் சொல்வது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு இதற்குக் கீழே போகக்கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. மொத்தப் பங்கு ஐந்தரை. 642-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 117 கன அடி. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று 1.23 கன அடி. ஆகவே சிமென்ட் 95 மூட்டை, மணல் 175 கன அடி, அதாவது ஒன்றேமுக்கால் யூனிட், ஜல்லி 350 கன அடி, அதாவது மூன்றரை யூனிட்.

பீம் இதில் சேரவில்லை. தளத்துக்குக் கீழே தொங்கும் பகுதியை மட்டும் தனியாகப் பெருக்கிச் சேர்க்கணும். பீமின் முழு உயரத்தையும் எடுத்தால் தளத்தின் கனம் இரண்டு முறை வந்துவிடும். கம்பிக்காக எதுவும் கழிக்க வேண்டாம். சிந்துவதற்கு ஐந்து சதவீதம் கூடப் போடுங்கள். மணல் மிஞ்சினால் பூச்சுக்கு ஆகும். சிமென்ட் மட்டும் கணக்காக வாங்குங்கள், மழைக்காலத்தில் மிச்ச மூட்டை கல்லாகிவிடும்.

மேஸ்திரி பாண்டு (கலவை அள்ளும் சட்டி) கணக்கில்தான் போடுகிறார். அது சரியாக வருமா?

பாண்டு தப்பில்லை, நிரப்புவதில்தான் தப்பு. காலையில் கோபுரமாக அள்ளும் கை, மதியம் மூன்று மணிக்குத் தலைதட்டி அள்ளும். முதல் மூட்டையை உடைத்து வேலை நடக்கும் இடத்தில் இருக்கும் பாண்டில் தலைதட்டி எத்தனை வருகிறது என்று எண்ணிவிடுங்கள். அந்த எண்ணிக்கைதான் ஒரு பங்கு. மணலுக்கு அதில் ஒன்றரை மடங்கு, ஜல்லிக்கு மூன்று மடங்கு. 1.23 கன அடிக்கு ஒரு மரப்பெட்டி அடித்துக் கொடுத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

ரெடிமிக்ஸ் வாங்கினால்?

கன மீட்டரில் சொல்லணும். 417 கன அடி என்றால் 11.8 கன மீட்டர், பீமையும் சேதாரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 1.54 இங்கே வேண்டாம், வருவது கலந்த கான்கிரீட். சந்தேகம் இருந்தால் எடை பாருங்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ. ஆறு கன மீட்டர் வண்டியின் சரக்கு எடை 14.4 டன்னுக்குப் பக்கத்தில் இருக்கணும்.

வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்ட ஒப்பந்தக்காரர் சொன்ன கன அடி என் கணக்கைவிடக் கூட வருகிறதே?

மூலைகளைப் பாருங்கள். வீட்டின் சுவர் நடுக்கோடு 30 அடிக்கு 20 அடி, வானத்தின் அகலம் இரண்டரை அடி, ஆழம் 4 அடி. நடுக்கோட்டின் மொத்த நீளம் 100 அடி. 100 × 2.5 × 4 = 1,000 கன அடி. அவர் வெளி ஓரத்தில் டேப் பிடித்திருந்தால் 32.5, 22.5 என்று நீளம் 110 அடி ஆகி, 1,100 கன அடி வரும். அந்த நூறு கன அடி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மூலையிலும் இரண்டரைக்கு இரண்டரைக்கு நாலு, 25 கன அடி, இரண்டு பக்கமும் சேர்ந்து எண்ணப்பட்டுவிட்டது. நாலு மூலைக்கு நூறு. நடுக்கோட்டில் அளந்தால் இந்தத் தகராறே இல்லை.

உள்ளே குறுக்குச் சுவர் இருந்தால், அதன் நீளத்தில் இரண்டு முனையிலும் பாதி அகலம் கழிக்கணும். 20 அடி குறுக்குச் சுவருக்கு தோண்டுவது பதினேழரை அடிதான்.

மூன்று சென்ட் மனையை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்த எத்தனை லோடு மண்?

ஒரு சென்ட் 435.6 சதுர அடி, மூன்று சென்ட் 1,307. முதலில் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய டியூப்) வைத்து நாலு மூலையும் ரோட்டைவிட எவ்வளவு தாழ்வு என்று பாருங்கள். 1, ஒன்றரை, இரண்டரை, 3 அடி என்று வந்தால் சராசரி 2 அடி. 1,307 × 2 = 2,614 கன அடி, 26 யூனிட்.

26 யூனிட் அடித்தால் போதாது. லாரியில் வருவது தளர்ந்த மண். தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்தால் ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்கும். 26-ஐ 1.25-ஆல் பெருக்கி 32, 33 யூனிட் எதிர்பாருங்கள். அரையடி, முக்காலடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு இடிக்கணும். மொத்தமாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டால் மேல் அடுக்கு மட்டும் இறுகும். இரண்டு மழைக்காலம் கழித்து டைல்ஸ் ஓசை மாறி "டொக் டொக்" என்று கேட்கும். நடுவில் பள்ளம் இருக்கும் மனைக்கு மூலை சராசரி உதவாது. மனையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகப் பெருக்குங்கள்.

சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில்) எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? தோண்டிய மண்ணை எங்கே போடுவது?

உள்ளளவு 8 அடி, 6 அடி, ஆழம் 6 அடி என்றால் 288 கன அடி, 8,155 லிட்டர். ஆனால் விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை. மேலே முக்காலடி விட்டால் 252 கன அடி, சுமார் 7,100 லிட்டர்தான். 12,000 லிட்டர் டேங்கர் லாரி வாங்கும் பகுதி என்றால் 424 கன அடிக்குத் தண்ணீர் நிற்கும் இடம் வேண்டும். பத்துக்கு எட்டில் ஐந்தரை அடி தண்ணீர் என்றால் 440, அது போதும்.

மண்தான் பெரிய கதை. அந்த 8-க்கு 6 சம்ப்புக்கு இருபுறமும் முக்காலடிச் சுவர், அதற்கு வெளியே ஆள் நின்று பூச ஓரடி. ஆழத்தில் அடித்தளம், அதற்குக் கீழே வெறும் கான்கிரீட், மேல் மூடி எல்லாம் சேர்த்து ஏழேகால் அடி. 11.5 × 9.5 × 7.25 = 792 கன அடி. 288 கன அடி தண்ணீருக்கு இவ்வளவு பெரிய குழி! வெளியே வந்த மண் கால்வாசி உப்பி 990 ஆகும், பத்து யூனிட்.

என் வீட்டில் இதை யோசிக்காமல் முன்வாசலில் கொட்டச் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கேட் திறக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் தன் வண்டியை மேட்டின்மேல் உருட்டிக்கொண்டு போவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார், திரும்பி ஒரு பார்வை மட்டும். சுவர் எழும்பியதும் சுற்றிலும் திரும்ப நிரப்பியது 275 கன அடி பள்ளம். மீதி ஆறரை யூனிட் வீட்டின் பேஸ்மென்டுக்குள் (தரைக்குக் கீழே மண் நிரப்பும் இடம்) போனது.

உறைக்கிணறு, வட்டத் தொட்டி என்றால்?

பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. நம்மூர்ப் பழைய கணக்கு வழி, பை (π) தேவையில்லை, டேப் போதும். மூன்றடி விட்டமுள்ள உறை என்றால் பரப்பு 7 சதுர அடி. உயரம் ஓரடிக்கு 200 லிட்டர். ஐந்தடி தண்ணீர் நின்றால் 1,000 லிட்டர்.

மழைநீர்க் குழிக்கு ஓர் எச்சரிக்கை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 929 லிட்டர். குழி வெறுமையாக இருந்தால் இதற்கு 33 கன அடி போதும். ஆனால் ஜல்லி நிரப்பிய குழியில் தண்ணீருக்கு இருப்பது சந்து மட்டும், ஏறக்குறைய நாற்பது சதவீதம். அதே மழைக்கு 80 கன அடிக் குழி வேண்டும்.

சுவருக்குச் செங்கல் கணக்கு?

சூளைக்குச் சூளை அளவு மாறும், அளந்தே பாருங்கள். 8¾ × 4¼ × 2¾ அங்குலக் கல் என்றால், ஒவ்வொரு பக்கத்திலும் அரை அங்குலம் கலவை சேர்த்து 9.25 × 4.75 × 3.25 = 143 கன அங்குலம். ஒரு கன அடி 1,728 கன அங்குலம், ஆக கன அடிக்கு 12 கல். 40 அடி நீளம், 5 அடி உயரம், 9 அங்குலச் சுவர் 150 கன அடி, 1,800 கல். உடைசலுக்கு நூறு கூட.

மாடியில் எட்டடிக்கு நாலடி பாத்தி கட்டி ஓரடி மண் போடலாமா?

கணக்கு சுலபம்: 32 கன அடி, 906 லிட்டர். எனக்குக் கவலை கன அளவில் இல்லை, எடையில். நனைந்த தோட்ட மண் லிட்டருக்கு 1.7 கிலோ வரும். மொத்தம் ஒன்றரை டன், சதுர அடிக்கு 48 கிலோ. ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், நம் கணக்கில் சதுர அடிக்கு 14 கிலோ. மூன்று மடங்குக்கு மேல் ஏற்றுகிறோம். வடிவமைத்த பொறியாளரைக் கேட்காமல் ஓரடி மண் வேண்டாம்.

தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து, முழுப் பாத்திக்குப் பதில் பைகளாகச் சுவர் ஓரத்தில், பீமுக்கு நேர் மேலே வையுங்கள். ஓரடி விட்டம், ஓரடி உயரப் பைக்கு 22 லிட்டர் கலவை. முதல் மாதத்தில் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும், ஐந்தில் ஒரு பங்கு கலவையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து 40 கன அடி ஜல்லி மிஞ்சியிருக்கிறது. தோட்டத்தில் நடைபாதை போட எவ்வளவு தூரம் வரும்?

மூன்றடி அகலம், இரண்டு அங்குலக் கனம் என்றால் ஓரடி நீளத்துக்கு அரைக் கன அடி. ஆக 80 அடி. களிமண் தரையில் நேராகக் கொட்டினால் ஒரே மழைக்காலத்தில் பாதி உள்ளே போய்விடும், அடியில் கிராவல் (சரளை மண்) போட்டு இடித்துவிட்டுப் பரப்புங்கள். இரு ஓரமும் செங்கல்லை நீளவாக்கில் புதைத்தால் ஜல்லி பாத்திக்குள் ஓடாது. 160 அடிக்கு சுமார் 220 கல் வேண்டும். உடைசலுக்கு என்று வாங்கிய நூறும் அப்படியே இருந்தால் பாதி வேலை அதிலேயே முடிந்தது.